வாடகைக்கு ஒரு பாய்மரம்

"புருஷன் செத்து வருஷம் திரும்பல, மகாராணிக்கு போட் சவாரி கேக்குது!"

தண்ணி லாரி வந்து நின்றதும் பட்டம்மாள் ஆரம்பித்துவிட்டாள். ராயபுரத்தில் அந்தச் சந்தே குடமும் கையுமாக நின்று கேட்டது. திட்டு வாங்கியவள் அவளுடைய மருமகள் யசோதரா.

யசோதரா தலை குனியவில்லை. எதற்குக் குனிய வேண்டும்? களவா செய்துவிட்டாள்? எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாளெல்லாம் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். கூட வேலை செய்யும் பெண்களோடு சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் காசிமேட்டில் ஒரு போட்டை வாடகைக்குப் பேசியிருக்கிறாள். எண்ணூர் வரைக்கும் கடலிலேயே போய், கட்டுசோறு தின்றுவிட்டுத் திரும்பணும். அவ்வளவுதான் ஆசை.

"உன் புள்ள இருந்தப்ப கூட்டிக்கினு போறேன்னாரு. அவரு பூட்டாரு. கடல் அங்கயேதான கீது? நான் போவேன் அத்த."

"மோட்டார் போட் கூட ஆவாதாம்! பாய் கட்டின போட்தான் வேணுமாம்!"

"தெனிக்கும் கன்டெய்னர் லாரிப் பொகையத் துன்னுகினு கீறோம். கடல்லயும் இன்னாத்துக்கு அது?"

போட்காரர் டில்லிபாபுவையும் இப்படித்தான் மடக்கியிருந்தாள். அவர் லேசில் மசியவில்லை.

"பொம்பள ஏறுனா வலையில மீன் படாதும்மா. எங்க வழக்கம் அது."

"மீன்புடி தடைக்காலம்ண்ணா இது. உன் வலை கூரை மேல காயுது. மீன் புடிக்கவா கூப்புடறேன்?"

டில்லிபாபு தலையைச் சொறிந்தார். "சரி, வா. ஆனா ஒண்ணு. தாலி அறுத்த பொண்ண ஏத்திட்டேன்னு உங்க சந்துலேர்ந்து ஒரு ஆளு கரைக்கு வந்து சவுண்டு வுட்டாலும், போட் கெளம்பாது. இப்பவே சொல்ட்டேன்."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? விஷயம் கசிந்த அன்றைக்கே எதிர்வீட்டுக் கோதண்டம் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "கரைக்கே போயி மறிக்கறேன் பாரு!" மளிகைக்கடை சுகிர்தமும், "பொம்பளைக்கு இம்புட்டுத் துணிச்சல் ஆகாது" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புகைந்தாள்.

ஆனால் மறுநாளிலிருந்து அவர்கள் வாய் திறக்கவே இடமில்லாமல் போய்விட்டது. காலையில் லாரியடி, மதியம் ரேஷன் கடை, சாயங்காலம் சந்து முனை. எங்கே பார்த்தாலும் பட்டம்மாள்தான். மானம் போச்சு, மரியாதை போச்சு என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள்.

வெள்ளிக்கிழமை சுகிர்தத்துக்கே பொறுக்கவில்லை.

"எக்கா, போதும்! சின்னப்புள்ள. ஒருநா கடலைப் பாத்துட்டு வந்தா குடியா முழுகிரும்?"

கோதண்டம் அதற்கு மேலே போனார். "மருமவள இந்தப் பேச்சு பேசறியே, நீயெல்லாம் ஒரு மன்ஷியா? யம்மா யசோதரா, நீ போய்ட்டு வாம்மா. எவன் மறிக்கறான்னு நான் பாக்கறேன்!"

ஊரே மாறிவிட்டது. யசோதராவுக்குத்தான் நெஞ்சு ஆறவில்லை. ஊர் பேசினால் தாங்கலாம். ஒரே தட்டில் சாப்பிட்டவள் பேசினால்? திரும்பி வந்ததும் முதல் வேலை, தனியாக ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவது. இனி அந்தக் கிழவி முகத்தில் விழிக்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே அத்தை வீட்டில் இல்லை. போய்த் தொலையட்டும் என்று கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

காசிமேட்டுக் கரையில் மறிக்க ஒரு ஈ காக்கை இல்லை. கூட்டாளிப் பெண்கள் போட்டின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். டில்லிபாபு பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்குப் பக்கத்தில், புளிசோற்றுத் தூக்கை மடியில் இடுக்கிக்கொண்டு பட்டம்மாள்.

யசோதரா தண்ணீரில் கால் வைத்தபடியே நின்றுவிட்டாள். "நீ இன்னாத்த இங்க?"

பட்டம்மாளுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. கையை நீட்டினாள்.

"ஏறுடி. ஊரு உன்னத் திட்டிடக் கூடாதேன்னு, அவங்க பங்கையும் சேத்து நானே திட்டித் தீத்துட்டேன்."