மூன்றாவது பாட்டு முடிந்ததும்

இது நான் கண்ணால் பார்த்ததில்லை. பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு கேசட்டைக் கொடுக்க வந்த லேத் பட்டறைக்காரர் சொன்னது. அவர் சொன்ன வரிசையிலேயே சொல்கிறேன்.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அவர் வீட்டில் அந்தக் கேசட் ஓட ஆரம்பித்துவிடும். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ராக் பேண்டு. டிரம்ஸ் விழுந்தால் அலமாரிக் கண்ணாடி அதிரும்.

போன வருஷம் வால்யூம் நாலில் இருந்தது. இந்த வருஷம் எட்டு. கீழ் வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டிவிட்டார்.

"அப்பா, உங்களுக்கே இது ஓவரா தெரியலையா?" என்றாள் மகள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "பதினஞ்சு, பதினாறு வயசுல எதைக் கேட்டீங்களோ அதுலயே ஆணி அடிச்ச மாதிரி நின்னுட்டீங்க. உங்க வயசுக்காரங்க எல்லாருமே இப்படித்தான்."

"நீ கேட்கற பேண்டு மட்டும் என்னவாம்? மெஷின்ல கம்பி சிக்கின மாதிரி ஒரு கத்தல். அந்தச் சத்தத்தைப் பட்டறையில முப்பது வருஷமா கேட்டுட்டிருக்கேன். வீட்டுக்கு வந்தும் கேட்கணுமா?"

வழக்கமாக இந்த இடத்தில் சிரித்துவிடுவாள். அன்று சிரிக்கவில்லை.

"சத்தம்கூடப் பரவாயில்லப்பா. மூணாவது பாட்டு முடியறப்போ வாசலைத் திரும்பிப் பார்க்கறீங்க. தினமும். அங்க யாருமே இல்ல. உதடு வேற அசையுது. எனக்குப் பயமா இருக்கு."

தான் திரும்பிப் பார்ப்பது அவருக்கே தெரியாது.

"சரி, ஒரு ஒப்பந்தம்" என்றாள். "உங்க கேசட்டை ஹெட்போன்ல ஒரு பக்கம் முழுசா நான் கேட்கறேன். அப்படி அதுல என்னதான் இருக்குன்னு பார்த்துடறேன். அப்புறம் நீங்க என் பேண்டைக் கேட்கணும். நடுவுல எழுந்து ஓடக் கூடாது."

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சட்டென்று வீடு ஓய்ந்தது. ஐந்தரை மணிக்கு அந்த வீடு அப்படி அடங்கிக் கிடந்து அவர் பார்த்ததே இல்லை. சத்தமில்லாமல் கேசட் சுற்றிக்கொண்டிருந்தது. டேப் ரெக்கார்டரில் நகரும் எண்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றெண்பது. இருநூறு. இருநூற்றுப் பதினாலில் மூன்றாவது பாட்டு முடியும்.

இருநூற்றுப் பதிமூன்று.

வாசலில் ஏதோ நிழலாடியது போலிருந்தது. திரும்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினார். கதவு திறந்து கிடந்தது. யாரும் இல்லை.

மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது மகள் கண் கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காதிலிருந்து ஹெட்போனை நகர்த்தினாள்.

"இப்ப... அதுல ஒரு பொண்ணு குரல் கேட்டுதாம்மா?"

அவள் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"கேட்டுதுப்பா."

"என்ன சொல்றா?"

"'அண்ணா, இன்னும் கொஞ்சம் சத்தமா வை'ன்னு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வார்த்தைகளை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. மனைவியிடம்கூட.

"யாருப்பா அது?"

"என் தங்கச்சி. உனக்கு அத்தை. ரேடியோ முன்னால டேப்பை வெச்சு நான்தான் பதிவு பண்ணேன். மூணாவது பாட்டு முடிஞ்சதும் வாசல்ல வந்து நின்னு அப்படிச் சொன்னா. அதுவும் சேர்ந்து பதிஞ்சிடுச்சு. பதினாலு வயசு அவளுக்கு. அந்த மாசமே காய்ச்சல்ல போயிட்டா."

மகள் கேசட்டை நிறுத்தினாள்.

"பட்டறைச் சத்தத்துல என் காது போயிடுச்சு. நாலு வருஷமா அவ குரல் கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போயிட்டே இருந்துது. இப்ப சுத்தமா கேட்கல. அதான் கூட்டிக் கூட்டி வெச்சேன்."

"அப்போ இந்த பேண்டு?"

"அது அவளோட பைத்தியம். எனக்கு ஆகவே ஆகாது. அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி."

அதன் பிறகு அலமாரிக் கண்ணாடி அதிரவில்லை. ஐந்தரைக்கு மகள் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். அவர் எதிரில் உட்காருவார். "சொன்னாளா?" என்பார். "சொன்னா" என்பாள். ஒப்பந்தப்படி அவளுடைய பேண்டையும் முழுசாகக் கேட்டார். "கத்தல்தான். ஆனா எனக்கு நல்லாக் கேட்குது" என்றாராம்.

கேசட் அறுந்துபோவதற்குள் ஒரு காப்பி எடுத்து வைக்கத்தான் என்னிடம் வந்திருந்தார்.

அவர் சொன்னது இவ்வளவுதான்.

காப்பியை வாங்கிப் போக மகள் வந்தாள். வாங்கிய பிறகும் போகாமல் நின்றாள்.

"அந்த இடத்துல உங்களுக்கு ஏதாவது கேட்டுதா சார்? எனக்கு இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. அவர் உதட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். தினமும் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

கவனித்துக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

எனக்கு இருபத்திரண்டு வயது. காதில் குறையில்லை. அன்று சாயங்காலமே, கம்ப்யூட்டரில் இருந்த காப்பியை மூன்று தடவை போட்டுக் கேட்டேன். மூன்று தடவையும் என்னையறியாமல் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் வரும் நாலு விநாடியில் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை.