போகும் கம்பி, வரும் கம்பி

லிஃப்ட் மெக்கானிக் கடைசி எழுத்தையும் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பக்கத்து அறையில், இதே போன்ற இன்னொரு கிழட்டுக் கணினியின் முன்னால் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். நடுவே ஒரு பலகைத் தடுப்பு. அதன் அடியில் இரண்டு கம்பிகள். இவர் எழுதுவதை அங்கே கொண்டுபோக ஒன்று, அவள் எழுதுவதை இங்கே கொண்டுவர ஒன்று.

உலகமே காற்றில் கணினிகளை இணைத்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பிரிண்டர் மாட்டும் துளையிலிருந்து கம்பி இழுத்து, அடுத்த கணினியில் ஜாய்ஸ்டிக் மாட்டும் துளையில் செருகியிருந்தார். ஏன் என்று கேட்டால், முடியுமா என்று பார்க்கத்தான் என்பார். விநாடிக்கு ஓர் எழுத்து. அதற்குள் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டுத் திரும்பலாம்.

ஆறு மாதமாக இந்தக் கூத்து. நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் மனைவி, போன வாரம் தீர்ப்பே சொல்லிவிட்டாள். ஞாயிறு பன்னிரண்டு மணிக்குள் இரண்டு கணினிகளும் பேசிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பழைய சாமான்காரர் வந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போவார். மேல்முறையீடு கிடையாது.

இன்று ஞாயிறு. இவர் கேட்டிருந்தது, மணி என்ன என்று.

பதில் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் ஊர்ந்து வந்தது. 'உங்களுக்கு இன்னும் பத்து நிமிடம்.'

நம் கல்யாணத்தன்று மழை பெய்ததா என்று கேட்டார். 'பெய்தது. குடையை மறந்தது நீங்கள்.'

நான் கெட்டிக்காரனா என்று கேட்டார். 'யோசித்துச் சொல்கிறேன்.'

மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை. பாதி மாடியில் சிக்கிய எத்தனையோ பேரை மீட்டவர். அப்போதெல்லாம் வராத கண்ணீர் இப்போது எட்டிப் பார்த்தது. துடைக்கப் போனதில் மூக்குக்கண்ணாடி நழுவி மேசைக்கடியில் விழுந்தது.

குனிந்தார். கண்ணாடிக்குப் பக்கத்திலேயே போகும் கம்பியின் முனையும் கிடந்தது. காலையில் தூசி தட்டக் கழற்றியவர், திரும்பச் செருகவே இல்லை.

அப்படியானால் இதுவரை ஓர் எழுத்துகூட அந்தப் பக்கம் போயிருக்காது.

பிறகு எப்படி?

சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தட்டத் தட்ட ஒவ்வொரு சொல்லையும் அவர் உரக்கச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். எதிரே இருப்பதோ வெறும் பலகை; எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கும்.

அவரைத் தோற்கவிட அவளுக்கு மனசு வரவில்லை.

சத்தமில்லாமல் முனையைச் செருகினார். உதட்டை இறுக மூடிக்கொண்டு தட்டினார். 'நீ நல்ல பொய்க்காரி.'

பக்கத்து அறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். இந்தத் திரையில என்னமோ எழுத்தெல்லாம் வருது."