வீட்டுக்குப் போன யுகுலேலே

நான் நேரில் பார்க்கவில்லை. தங்கையின் பள்ளியில் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பள்ளி பீரோவுக்குள் இரண்டு புது யுகுலேலேக்கள் இருந்தன. நாலு தந்தி போட்ட குட்டி கிடார் மாதிரி, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். ஆண்டு விழாவில் ஊரார் முன்னால் ஒன்றைத்தான் வாசிப்பார்கள். தன்னைத்தான் எடுக்க வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசை.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, சகாயமேரி என்ற மாணவி கேட்டதால், டீச்சர் மஞ்சளை அவள் வீட்டுக்கு அனுப்பினார்.

"போடி, கண்ட கையும் பட்டு அழுக்காகித்தான் வருவே," என்றது சிவப்பு.

"பட்டா படட்டும். அதுக்குத்தானே வந்தோம்," என்றது மஞ்சள்.

அவள் தெருவில் யாரும் அதைக் கீழே வைக்கவில்லை. சகாயமேரி வாசித்தாள், அவள் அம்மா வாசித்தார், பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் ஒரே தந்தியை விடாமல் மீட்டினார். தந்தி தளரத் தளர சகாயமேரி முறுக்கிச் சுருதி சேர்த்தாள்.

விழா அன்று டீச்சர் இரண்டுக்கும் சுருதி சேர்த்து வாசித்துப் பார்த்தார். பளபளத்த சிவப்பு பாதிப் பாட்டிலேயே சுருதி இறங்கியது. மஞ்சள் அசையவில்லை. டீச்சர் அதையே மேடைக்கு எடுத்தார்.

"உனக்கு மட்டும் என்னடி பண்ணாங்க?" என்றது சிவப்பு.

"வாசிச்சாங்க."

பிறகு விசாரித்தேன். புதுத் தந்தி வாசித்து வாசித்து இழுபட்ட பிறகுதான் சுருதியில் நிற்குமாம்.