விற்றுப்போன டிராம்போன்

பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம் முழுக்க ஊரார் சும்மா கொடுத்த சோபாக்கள், விளக்குகள், பனிச்சறுக்குக் கட்டைகள். பிள்ளைகளின் பேண்டு குழுவுக்காகப் பெற்றோர் நாங்கள் நடத்தும் பழம்பொருள் சந்தை. வாஃபிள் சுடும் புகையில் சன்னல் வெயில்கூட மங்கித் தெரிகிறது. வாசிக்கத் தயாராக பேண்டு நிற்கிறது. பன்னிரண்டு வயது மாரித் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறாள். அவள் ஊதும் பித்தளைக் குழலான டிராம்போனை என் கணவன் ஹால்வர் இப்போதுதான் இருநூறு குரோனருக்கு விற்றிருக்கிறான். "சோபா மேல கெடந்துச்சு, நான் என்னத்தக் கண்டேன்?" என்கிறான், வாய் நிறைய வாஃபிளோடு. "ஏம்ப்பா, பேண்டுக்குக் காசு சேக்கச் சொன்னா பேண்டையே விப்பியா?" என்று நான் கத்துகிறேன். அதற்குள் வாங்கிப்போன பெரியவரே டிராம்போனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறார். "ஊதினா வெறும் காத்துதாம்மா வருது. ஏதோ கொறையுது." குறைவது, உதட்டில் வைத்து ஊதும் குமிழ். குளிருக்கு அதைச் சட்டைப்பையில் போட்டுச் சூடேற்றி வைத்திருந்த மாரித், டிராம்போனை வாங்கிப் பொருத்தி, மே பதினேழு தேசிய நாள் ஊர்வலத்துக்குப் பழகிய பாட்டை ஊதுகிறாள். கூடமே அடங்கிப்போகிறது. பெரியவருக்குக் கண் கலங்குகிறது. அப்பாடா, திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று எனக்கு மூச்சு வருகிறது. "அருமை, அருமை," என்று அவர் கையை நீட்டுகிறார். "அப்ப அந்தக் குமிழயும் சேத்தே குடுத்துரும்மா."