சிவந்த வயிறு

ஒரு கண்ணாடித் தொட்டியில் தவளையும் நத்தையும் இருந்தன. தவளைக்கு வயிற்றுத் தோல் சிவந்து எரிந்தது. அதை வளர்த்த ஜெசிந்தா பதறிப்போனாள். பள்ளி விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரக் கையாலேயே அதை எடுத்துத் தடவிக்கொடுப்பாள். தடவத் தடவ எரிச்சல் கூடியது.

"அந்தச் சோப்புக் கைதான் உனக்கு ஆகலை. அவள் வந்தால் இலைக்கடியில் ஒளிந்துகொள்" என்றது நத்தை.

"என்னைக் காணோமென்று அழுவாளே."

"நீ செத்துப்போனால் அழமாட்டாளா?"

அன்றும் கதவுச் சத்தம் கேட்டதும் தவளை கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து காத்திருந்தது.

நான்காம் நாள் அவள் எடுத்தபோது அது அசையவில்லை.

"நேற்று இன்னும் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்திருக்கணும்" என்று தேம்பினாள் ஜெசிந்தா.