பிராக்கன்கில் ரத்தம்

"இன்னும் கொஞ்சம் திற. சந்தையில ஏலம் விடறப்ப மட்டும் அவ்வளவு பெரிசா திறக்கறியே" என்று சொல்லிக்கொண்டே ஜனிஸ், கணவனின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் தேய்த்தாள். டெஸ்மண்ட் கண்ணை மூடிக்கொண்டு, பல்வலிக்காரரைப் போல அடங்கி உட்கார்ந்திருந்தார்.

முதலில் எடுத்த குச்சி கீழே விழுந்து, அதை நாய் நக்கிவிட்டதாக அவள் சொல்லியிருந்தாள். ஜன்னலோரம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த மாமியார் வினிஃப்ரெட், தன் காலடியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்த நாயை ஒரு தரம் குனிந்து பார்த்தாள். பிறகு பின்னலைத் தொடர்ந்தாள்.

கிழவிக்கு இந்த எச்சில் விவகாரமே பிடிக்கவில்லை. "பேரு இருக்கு, கல்லறையில இடம் இருக்கு. எச்சில் வேற எதுக்குடா தபால்ல போகணும்?" என்று மகனிடம் சொல்லிப் பார்த்தாள். வயசானவர்களுக்கு எதுதான் பிடிக்கும் என்று அவர் சிரித்துவிட்டார்.

டெஸ்மண்டுக்குக் குடும்பப் பெயர்தான் உயிர். பிராக்கன்கில் என்றால் பெரணி மண்டிய ஓடை. வட இங்கிலாந்தின் கம்பிரியா மலைச்சரிவில் அந்த ஓடைக்கரையில் ஒரு பண்ணை இருந்தது. இப்போது ஒரு சுவரும் சில ஆடுகளும்தான். அங்கே வாழ்ந்தவனின் பெயரை இன்று சுமப்பவர்கள் இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் இருநூறு பேர் தேறமாட்டார்கள். பாதிப் பேர் இன்னும் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு நகரவில்லை. சிலர் நூற்பாலை வேலைக்கு லங்காஷயர் பக்கம் இறங்கினார்கள், ஒரு குடும்பம் கப்பலேறி டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது.

இவர்களுக்கென்று ஒரு சங்கம், அதற்கு டெஸ்மண்ட் தலைவர். எல்லோரும் ஒரே வேரில் வந்தவர்கள் என்று நிரூபிக்க, இந்த வருஷம் ஆண்கள் அத்தனை பேரும், அப்பாவிடமிருந்து மகனுக்கு மாறாமல் இறங்கும் ஆண்வழி டிஎன்ஏவைப் பரிசோதிக்க எச்சில் கொடுத்தே ஆகவேண்டும் என்பது அவருடைய உத்தரவு.

ஜனிஸ் குச்சியைக் குழாயில் போட்டு மூடினாள். குழாயின் மேல் எழுதியிருந்தது மகன் டங்கனின் பெயர். காலையில் அவன் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போன குச்சி அடுப்பில் எரிந்து முடிந்திருந்தது. நாய் நக்காத அந்த முதல் குச்சியோ டெஸ்மண்டின் குழாயில் பத்திரமாக இருந்தது.

டங்கன் டெஸ்மண்டின் மகன் இல்லை. ஒரு கோடையில், கொட்டகைக்குக் கூரை போட வந்தவனோடு நேர்ந்துவிட்ட தவறு. பிள்ளை பிறந்த அன்று டெஸ்மண்ட், உலகத்துக்கு இன்னொரு பிராக்கன்கில் கிடைத்துவிட்டான் என்று சந்தைக்காரர்கள் எல்லோருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார். அதிலிருந்து அந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போடும்போதெல்லாம் அவளுக்குக் கூசும்.

செப்டம்பரில் சங்கம் ஊர் மண்டபத்தில் கூடியது. எல்லோர் சட்டையிலும் ஓர் அட்டை. அதில் முதல் பெயரும் ஊரும் மட்டும். எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர், அதையும் எழுதினால் கேலி செய்வார்கள்.

சுவரில் பெரிய வரைபடம். யார் எங்கே வாழ்கிறாரோ அந்த ஊரில் ஒரு குண்டூசி. ரத்தம் ஒத்துப்போனால் பச்சை, போகாவிட்டால் சிவப்பு. இதை எல்லோர் முன்னாலும் செய்ய வேண்டுமா என்று செயலாளர் பிரெண்டா தயங்கியிருக்கிறாள். மறைக்க நமக்கு என்ன இருக்கிறது என்று அடித்துப் பேசியவர் டெஸ்மண்ட்தான்.

கெண்டல், பச்சை. பிரெஸ்டன், பச்சை. மூலையில் தனியாக ஒட்டியிருந்த டாஸ்மேனியாவும் பச்சை. ஒவ்வொன்றையும் டெஸ்மண்ட் ஏலக் குரலில் அறிவிக்க, கூட்டம் கைதட்டியது. கடைசியில் பிரெண்டாவின் கைக்குள் இரண்டு ஊசிகள் மிச்சம் இருந்தன. அவள் குத்தாமல் நின்றாள்.

"நம்ம வீட்டுதுதானே, குத்தும்மா" என்று சிரித்தபடி அவரே அவள் விரல்களைப் பிரித்தார். இரண்டும் சிவப்பு.

பிரெண்டா அவர் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "நீங்களும் டங்கனும் அப்பா பிள்ளைதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா எங்க யாரோடயும் ஒத்துப்போகல, டெஸ்மண்ட்."

டெஸ்மண்ட் தடவித் தடவி ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். நெஞ்சில் குத்தியிருந்த தலைவர் பட்டையைக் கழற்றப் பார்த்தார்; ஊக்கு கழன்று வரவில்லை. யாரோ டீயும் இஞ்சி கேக்கும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு வேகமாக நகர்ந்தார்கள். டங்கன் மட்டும் போய் அப்பாவின் தோளில் கைவைத்து நின்றான்.

ஜனிஸுக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. தான் குச்சியை மாற்றிவைத்ததில்தான் பரிசோதனையே குழம்பி, ஒரு பாவமும் அறியாத மனுஷன் தலையில் விடிந்திருக்கிறது என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் மகனுக்கும் எல்லாம் தெரிந்துவிடும். ஆனால் கணவனை இந்தக் கோலத்தில் விட்டுவிட்டு இனி எந்த முகத்தோடு அவரோடு வாழ்வது? மானம் போவதென்றால் தன்னோடு போகட்டும்.

"டெஸ்மண்ட், தப்பு என்னோடது" என்று எழுந்தாள்.

அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வினிஃப்ரெட் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். கிழவியின் கை சில்லென்றிருந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. மகன் இருந்த பக்கம் திரும்பாமலே மருமகளின் காதருகே குனிந்தாள்.

"முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, டெஸ்மண்டோட குச்சியையும் சேர்த்தே மாத்தியிருக்கலாமே, கண்ணு."