தெருவில் வந்த பாடை

எதிர்வீட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அடுத்த வீட்டுக் கதவையும்.

காலை பத்து மணி. பிணம் போகும்போதுதான் இந்தத் தெருவில் இப்படிச் சாத்துவார்கள். தெருக்கோடியில் சங்கு ஊதியது.

அவர் கதவைச் சாத்துகிறவர் இல்லை. எழுபத்தெட்டு வயதில் எந்தச் சாவுக்கும் உள்ளே ஒளிந்ததில்லை. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கேட்டருகே போய்க் கைகூப்பி நின்றார்.

பாடை வந்தது.

அதில் கிடந்தது வைக்கோல். கோட்டுப் போட்ட வைக்கோல். முகத்தில் அவர் மகன் கதிர்வேலின் படம்.

கூப்பிய கையை உடனே இறக்க முடியவில்லை.

மகன் நடத்திய நிதி நிறுவனம் போன வருஷம் கவிழ்ந்தது. அரசாங்கம் ஜனங்களின் வரிப் பணத்தைக் கொட்டித் தூக்கி நிறுத்தியது. டெபாசிட் போட்டவர்களுக்குப் பாதிதான் திரும்பியது. இந்த மாதம் மகனும் நிறுவனத்தின் உயர் அதிகாரிகளும் கோடிகளில் போனஸ் எடுத்துக்கொண்டார்கள்.

திருப்பிக் கொடுத்துவிடு என்று நேற்று மகனிடம் சொன்னார்.

"ஒப்பந்தத்துல இருக்கறதைத்தானுங்கப்பா வாங்கினேன். சட்டப்படி தப்பில்லீங்க."

சட்டம். அந்த வீட்டில் அதுவரை யாரும் அந்தச் சொல்லைத் துணைக்கு அழைத்ததில்லை.

டெபாசிட் போட்டவர்கள் பாடையை அவர் வாசலில் இறக்கினார்கள். ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பாதியில் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

சிரிப்பு நின்றது.

"கொள்ளி யாருப்பா வெக்கறது? இவனுக்கு ஆம்பளப் புள்ள இல்லியாமா!"

"கோடிக் கணக்குல போனஸு வாங்குனவன். கூலிக்கு ஆள் புடிச்சுக்குவான், உடு."

அவர் செருப்பைக் கழற்றினார். கேட்டைத் திறந்தார்.

கூட்டம் விலகியது. நெருப்புச் சட்டி வைத்திருந்தவன் பின்வாங்கினான்.

"ஐயா, நீங்க உள்ள போங்க. உங்க மேல எங்களுக்குக் கோவமில்லீங்க."

ஆண் வாரிசு இல்லாத மகனுக்குத் தகப்பன்தான் வைக்க வேண்டும்.

கை நீட்டினார்.

அவன் தயங்கினான். அவர் கை நீண்டபடியே இருந்தது.

சட்டி சுட்டது. யாரும் கோஷம் போடவில்லை. ஒரு செல்போன்கூட உயரவில்லை.

முகம் இருந்த பக்கம் முதலில் பற்றிக்கொண்டது.

மாடியில் கதவு திறக்கும் சத்தம்.

"அப்பா!"

அவர் சட்டியைக் கீழே போட்டு உடைத்தார்.

"அப்பா, இங்க பாருங்கப்பா!"

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.